கேட்டதற்குக் கூலி

பனிக்காலம் முடிந்து, ஏப்ரல் மழை வீதியிலுள்ள உப்பைக் கழுவிக்கொண்டு போன பிறகுதான் ஸ்காபரோவில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுப்பார்கள். உப்பு பட்டால் அடித்தகடு உக்கிப்போகும். என்னுடைய மாஸ்டா மியாட்டாவும் நவம்பரில் போர்வைக்குள் போனால் சித்திரை வருடப்பிறப்பு அண்டித்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். 1992ஆம் ஆண்டு வண்டி. சிவப்பு. இரண்டே இருக்கை, துணிக்கூரை, பொத்தானை அமத்தினால் எழும்பி நிற்கிற முன்விளக்குகள். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 1.6 லீற்றர் எஞ்சின் 116 குதிரைச்சக்தி தரும். இன்றைய குடும்பக் கார்கள்கூட இதைவிடப் பலமானவை. ஆனாலும் ஒரு வளைவில் இந்தக் காரைத் திருப்பிப் பார்த்தவருக்கு அந்தக் கணக்கில் அக்கறை இருக்காது.

இந்தக் காரைப் பற்றி எழுதும்போது சத்தத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா இதை அறிமுகம் செய்தபோது, பிரித்தானியர்கள் 1960களில் செய்து பிறகு கைவிட்ட சின்னத் திறந்த கார் திரும்பி வந்துவிட்டதென்று பத்திரிகைகள் எழுதின. திட்டத்துக்குத் தலைமை தாங்கிய தொஷிஹிக்கோ ஹிராய் என்ற பொறியியலாளரின் குழு, கியர் கம்பு கைக்குள் எப்படி விழவேண்டும் என்பதிலிருந்து புகைக்குழாயின் ஒலி எப்படி இருக்கவேண்டும் என்பது வரை மினக்கெட்டது. கூரையை மடித்துவிட்டு ஓட்டும்போது அந்த ஒலி முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். அதைக் கேட்பதற்காகவே நான் இரண்டாம் கியரை வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைப்பதுண்டு.

ஆகவே ஒரு வசந்தத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு புதுச் சத்தம் வந்தபோது எனக்கு உடனே காதில் பட்டது. கிங்ஸ்டன் வீதியில் சிவப்பு விளக்குக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு கொங்கிறீற் மதில். அதில் பட்டுத் திரும்பி வந்தது: டிக், டிக், டிக். பக்கத்து அறையில் யாரோ தையல் மிசின் மிதிப்பது போல, சீராக, நிற்காமல். அக்சிலரேற்றரை மெல்ல அமத்தினால் அதுவும் வேகமாகியது. விட்டால் தளர்ந்தது. அன்றைக்குப் பின்னேரம் வீட்டு வாசலில் ஹூட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். முன்னால் நின்றால் பெல்ட் பக்கத்திலிருந்து வந்தது. இடப்பக்கம் நின்றால் புகைக்குழாய்ப் பக்கத்திலிருந்து. காருக்குள் போய் இருந்தால் டாஷ்போர்ட்டுக்கு அடியிலிருந்து. எஞ்சின் முழுக்க உலோகம். ஒரு மூலையில் எழும்பும் சத்தம் அதற்குள்ளால் ஓடி எங்கே விருப்பமோ அங்கே வெளியே வரும்.

முதலில் கொண்டுபோன இடத்தின் பெயர் வேண்டாம். பெரிய இடம், பளபளக்கிற தரை. அங்கே ஒருவர் ஹூட்டைத் தூக்கினார், ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, மூடிவிட்டார். கனெக்டிங் ரொட் பெயாரிங் போய்விட்டது, வேறு எஞ்சின் போடுவதுதான் வழி என்று சொல்லி ஒரு தாளில் தொகை எழுதித் தந்தார். அந்தத் தொகைக்கு அதே கார் இன்னொன்று வாங்கலாம். கம்பியூட்டரில் கொழுவிப் பார்க்கலாம் என்றாலும் வழியில்லை. எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி-2 என்ற சோதனைச் செருகி அமெரிக்காவில் கட்டாயமானது 1996இல்தான். என்னுடைய 1.6 லீற்றர் எஞ்சினில் தட்டல் சத்தத்தை உணரும் சென்சர்கூடக் கிடையாது. அதை மனிதக் காதால்தான் கேட்கவேண்டும்.

மாமா ஒருவர் சொல்லித்தான், நான் அண்ணை என்று கூப்பிடும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஸ்காபரோவின் தொழிற்பேட்டைகளில் ஒன்றில், வரிசையாக இருக்கும் தகரக் கதவுகளில் ஒன்று அவருடையது. உள்ளே இரண்டு தூக்கிகள், சுவரில் முருகன் படம் போட்ட கலண்டர், எந்நேரமும் தமிழ் வானொலி. நான் போனதும் அவர் முதலில் வானொலியை நிறுத்தினார். பிறகு கொம்பிறசரின் ஆளியை அணைத்தார். உதவிக்கு நின்ற பொடியனைத் தேத்தண்ணி வாங்க அனுப்பினார். எல்லாம் அடங்கிய பிறகுதான் எஞ்சினைப் போடச் சொன்னார்.

ஹூட்டுக்குக் கிட்டவும் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

"தம்பி, சத்தம் எப்ப வருது? காலமை ஸ்ராட் பண்ணேக்கையோ, சூடான பிறகோ?"

"ரெண்டு நேரமும் வருது அண்ணை. காலமை கூட. ஹைவேயில நல்லா ஓடிப்போட்டு வந்தா இல்லாமல் போகுது. பிறகு சிக்னலில நிக்கேக்கை திரும்ப வந்திடுது."

"பாரம் குடுத்தா? ஏத்தத்தில ஏறேக்கை?"

"பெருக்கிற மாதிரி இல்லை. வேகமா அடிக்குது, அவ்வளவுதான்."

"உமக்கு முதல் வைச்சிருந்த ஆள் எவ்வளவு ஓடினவர்? ஓயில் மாத்தின துண்டு ஏதும் இருக்கோ?"

இருந்தது. எனக்கு முதல் இந்தக் காரை ஒரு முதியவர் வைத்திருந்தார். கோடையில் கடைக்குப் போய்வருவார், அவ்வளவுதான். துண்டுகளில் ஓயில் மாற்றிய திகதிகளுக்கிடையே நீண்ட இடைவெளி. குறுகிய ஓட்டங்கள் எஞ்சினுக்கு நல்லதல்ல. ஓயில் வேண்டிய சூட்டுக்கு வராது, அதில் சேர்ந்த ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போகாது. நாளடைவில் அது பிசினாகிச் சிறு துளைகளை அடைக்கும். நான் இதைச் சொல்லச் சொல்ல அண்ணை தலையை ஆட்டிக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொட் பெயாரிங் எண்டு சொன்னவையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "உது ரொட் இல்லை தம்பி. ரொட் அடிக்கிறது எனக்கு நித்திரையிலயும் தெரியும்."

அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதை அறிய யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது அவர் கொக்குவிலில் ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தார். பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றுபோயிற்று. மின்சாரமும் போயிற்று. ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட், மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று ஓடித்திரிந்த பழைய பிரித்தானியக் கார்களெல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தொங்கும். காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். அந்த நாள்களில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நின்ற வெள்ளைப் புகையும் மணமும் அங்கே வாழ்ந்த எவருக்கும் மறக்காது. கலியாண வீட்டுக்கும் போனது, ஆஸ்பத்திரிக்கும் போனது அந்தக் கார்கள்தான்.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. பொறியின் சுடர் வந்து சேர முன்னமே தானாகப் பற்றப்பார்க்கும், எஞ்சின் தட்டும். ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே ஓயிலோடு கலப்பதைத் தடுக்க முடியாது. ஓயில் தண்ணியாகிவிடும். தண்ணியான ஓயிலில் முதலில் சாவது பெயாரிங். புதுப் பெயாரிங்குக்கும் வழியில்லாத காலம். எந்தச் சத்தத்தோடு இன்னும் ஒரு மாதம் ஓடலாம், எந்தச் சத்தத்தோடு ஒரு மைல்கூட ஓடக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவன்தான் மெக்கானிக். அண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கனெக்டிங் ரொட் அடிப்பது கனத்த சத்தம், அடிவயிற்றிலிருந்து வரும். பாரம் ஏறினால் பெருக்கும். அக்சிலரேற்றரைச் சட்டென்று விடும்போது இரண்டொரு அடி தனியாக விழும். இது மெல்லியது, மேலேயிருந்து வருவது, பாரத்தைப் பொருட்படுத்தாதது.

அடுத்ததாக அவர் சொன்னதை நான் அன்றிரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் தண்டு ஒரு சுற்று. மியாட்டா சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 850 சுற்று. அதாவது கிராங்க் செக்கனுக்கு 14 தடவை, காம் 7 தடவை. கீழேயுள்ள பெயாரிங் அடித்தால் சத்தம் கிராங்கோடு போகும். மேலேயுள்ள ஒரு வால்வு அடித்தால் அதில் பாதி. அண்ணை மட்கார்டில் விரலால் தாளம் போட்டு, "இது பாதி வேகம்" என்று சொல்லிவிட்டார். நான் தொலைபேசியில் பதிவுசெய்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டு எண்ணிப் பார்த்தேன். செக்கனுக்கு ஏழு. பதிவின் கோட்டில் ஒவ்வொரு அடியும் ஒரே அளவு இடைவெளியில் முள்ளாக எழும்பி நின்றது. அவருடைய விரல் பிழைக்கவில்லை.

இருந்தும் அவர் அதோடு விடவில்லை. வேறு எதெல்லாம் இப்படிச் சத்தம் போடும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த ஒழுங்குதான் எனக்குப் பிடித்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓடவிட்டார். ஆல்டர்னேற்றரும் தண்ணீர்ப் பம்பும் நின்றுபோயின, சத்தம் நிற்கவில்லை. பம்பு ஓடாமல் எஞ்சினை அதற்கு மேல் விடக்கூடாது என்று உடனே அணைத்தார். புகைக்குழாய் தலையோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிந்தாலும் டிக்டிக்கென்று கேட்கும். குளிரில் கூடுதலாகவும், உலோகம் சூடாகி விரிந்ததும் குறைவாகவும் கேட்கும். காலமையில் கூடக் கேட்பதால் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் இருந்தது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மற்ற நுனியை அந்த இணைப்பு நெடுகக் கொண்டுபோனார். ஒன்றுமில்லை. கரி படிந்த அடையாளமும் இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டராகச் செருகியைக் கழற்றினார். அந்தச் சிலிண்டரில் எரிவது நின்றால் ரொட் சத்தம் தணியும். இங்கே எஞ்சின் தடுமாறியதே தவிர டிக்டிக் அப்படியே இருந்தது.

ஓயில் அழுத்த முள்ளையும் பார்க்கச் சொன்னார். 1994 வரை வந்த மியாட்டாக்களில் அந்த முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். 1995இலிருந்து வந்தவற்றில் அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும், முள் நடுவில் போய் நின்றுவிடும். என்னுடையது பழையது என்பதால் உதவியது. சூடான பிறகும் சுற்றுக் கூடக் கூட முள் ஒழுங்காக ஏறியது. தேய்ந்த பெயாரிங் உள்ள எஞ்சினில் அப்படி ஏறாது.

கடைசியாகத்தான் நீளமான ஸ்குரூ டிரைவர் வந்தது. மரப்பிடி, பிடிக்கும் இடம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. நுனியை எஞ்சின் தலை மூடியின் போல்ட் ஒன்றில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். ஒவ்வொரு போல்ட்டாக நகர்ந்தார். பிறகு என்னிடம் தந்தார். முதலாவது போல்ட்டில் எஞ்சினின் பொதுவான இரைச்சல். இரண்டாவதில் இன்ஜெக்டர்களின் மெல்லிய சொடுக்கு. புகைக்குழாய்ப் பக்கம், மூன்றாம் சிலிண்டருக்கு நேரே வைத்ததும் எலும்புக்குள் ஒரு சுத்தியல் விழுந்தது. அவ்வளவு தெளிவு. நான் தலையை எடுத்துவிட்டேன்.

"டப்பெட்," என்றார் அண்ணை. "ஒண்டே ஒண்டு."

இந்த எஞ்சினில் பதினாறு வால்வுகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஹைட்ராலிக் டப்பெட் இருக்கும். உள்ளே சின்னதொரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஓயிலைத் திரும்ப விடாத ஒரு குண்டு. ஓயில் அழுத்தத்தில் அது உப்பிநின்று, காம் தண்டுக்கும் வால்வுக்கும் இடையே வெளி விழாமல் பார்த்துக்கொள்ளும். துளையில் பிசின் அடைத்தாலோ காற்றுப் புகுந்தாலோ அது தளர்ந்துபோகும், வெளி விழும், காம் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் போய் அடிக்கும். பனிக்காலம் முழுக்க நிற்கும் காரில், காம் அமத்திப் பிடித்திருக்கும் டப்பெட்டுகளிலிருந்து ஓயில் மெல்ல வடிந்துவிடும். நல்ல டப்பெட் வசந்தத்தில் மறுபடி நிரம்பும். அடைபட்டது நிரம்பாது. ஹைவேயில் ஓடினால் சத்தம் ஏன் போனது, நின்றால் ஏன் வந்தது என்பதற்கும் பதில் அங்கேதான் இருந்தது. மாஸ்டா 1999 மொடலாக இங்கே விற்ற இரண்டாம் தலைமுறையில் இவற்றை விட்டுவிட்டுத் தகடு வைத்து இடைவெளி சரிசெய்யும் திண்ம டப்பெட்டுகளுக்கு மாறியது. அவற்றில் இந்த வருத்தம் இல்லை, இடைவெளியைத்தான் அவ்வப்போது அளக்கவேண்டும்.

அன்றைக்கு அவர் ஒரு நட்டுக்கூட எஞ்சினுக்குள் கழற்றவில்லை. கிழமை முடிவில் விடச் சொன்னார். காசு எவ்வளவு என்றேன். ஒரு மணித்தியாலக் கூலி என்றார். கூட வந்த நண்பனுக்கு அது சரிப்படவில்லை. "சும்மா காது வைச்சுப் பாத்ததுக்கும் காசோ?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு அதில் மறுபேச்சு இருக்கவில்லை. பளபளத்த தரையில் இலவசமாகக் கிடைத்த ஒரு நிமிடம் எனக்கு ஒரு எஞ்சினின் விலையைச் சொன்னது. இங்கே காசு கொடுத்த ஒரு மணித்தியாலம் எந்த வால்வு என்று சொன்னது.

திறந்த நாளில் நானும் போய் நின்றேன். மூடியை எடுத்ததும் தலை முழுக்கப் பழுப்பு நிறப் பிசின். காமின் மேடு மேலே பார்த்தபடி வரும் வரை எஞ்சினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு டப்பெட்டாக விரலால் அமத்திப் பார்க்கச் சொன்னார். பதினைந்து அசையவில்லை. மூன்றாம் சிலிண்டரின் ஒன்று விரலுக்குக் கீழே அமுங்கியது. ஒரு வெளி, ஒரு மில்லிமீற்றரும் இராது. அதற்குத்தான் அத்தனை சத்தம்.

டப்பெட்டை எடுக்கக் காம் தண்டைக் கழற்றவேண்டும். காமைக் கழற்ற ரைமிங் பெல்ட்டைக் கழற்றவேண்டும். பெல்ட்டுக்கும் அதன் காலம் வந்திருந்தது. 96,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. ஆகவே பெல்ட், இழுவை உருளைகள், தண்ணீர்ப் பம்பு எல்லாம் ஒரே கூலியில் முடிந்தன. பதினாறு டப்பெட்டுகளும் இலக்கம் எழுதிவைத்த முட்டைப் பெட்டிகளில் வரிசையாக இருந்தன. எடுத்த குழிக்குள்ளேயே ஒவ்வொன்றும் திரும்பப் போகவேண்டும், மாறினால் தேய்மானம் பொருந்தாது. அண்ணை ஒவ்வொன்றையும் கழுவி, புது ஓயிலில் அமிழ்த்தி, மெல்லிய கம்பியால் குண்டை அமத்திக் காற்றுக் குமிழ் வருவது நிற்கும் வரை பம்பினார். அடைபட்ட ஒன்றுக்குப் பதில் புதிது. காம் மூடிகளின் போல்ட்டுகளை முறுக்குமானி வைத்தே இறுக்கினார். அவற்றுக்கு 11 முதல் 14 நியூட்டன் மீற்றர்தான், கைப்பலத்தைக் காட்டினால் அலுமினியப் புரி போய்விடும்.

முதல் ஸ்ராட்டில் பதினாறும் சேர்ந்து கலகலத்தன. காற்று வெளியேறும் வரை அப்படித்தான் என்றார். ஒன்றன்பின் ஒன்றாக அடங்கின. அண்ணை வானொலியைத் திரும்பப் போட்டார்.

அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. ஓயிலைக் கிலோமீற்றர் பார்த்து மாற்றாமல் வருடத்துக்கு ஒருமுறை, பனிக்காலத்துக்குப் போர்த்தி வைக்க முன்னம் மாற்றுகிறேன். குறுகிய ஓட்டம் ஓடுவதில்லை.

ரொறன்ரோவின் தமிழ்க் கராஜ்களில் இந்தக் காதுள்ளவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அனேகம்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மின்கார்கள் வருகின்றன, வால்வு இல்லாத கார்களுக்கு இந்தக் காது தேவைப்படாது. உங்கள் காரில் ஒரு சத்தம் கேட்டால், எப்போது வருகிறது, எப்போது போகிறது, பாரத்தில் என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். ஓயில் விளக்கும் சேர்ந்து எரிந்தால் மட்டும் அங்கேயே அணைத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அவர்கள் வானொலியை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால், பேசாமல் நில்லுங்கள். பில்லில் கேட்டதற்கென்று ஒரு மணித்தியாலம் எழுதியிருந்தால், பேரம் பேசாமல் கொடுங்கள்.